ஓர் இணையத்தளத்தின் குடியிருப்பாளர் பட்டியல்

லெட்சுமணன் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான்: ஒரு படிவத்தில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட அவனுக்கு மனம் வரவில்லை.

வேறு யாரும் இதைச் செய்திருக்கமாட்டார்கள். யுத்தம் நடந்த இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில் கண்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழர்கள் படிவம் நிரப்புவதில் பட்டமே வாங்கக்கூடிய நிலையில் இருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், எங்கிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், எப்போது போவீர்கள்? கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுவார்கள். மிச்சத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். லெட்சுமணனோ பிழைப்புக்கு இணையத்தளம் வடிவமைப்பவன். அவன் செய்கிற படிவங்களில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டால் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் ஒன்று வந்து நிற்கும்; பொத்தானை எத்தனை தரம் அழுத்தினாலும் பக்கம் நகராது. ஊராரை இப்படி வருடக்கணக்காக மிரட்டியதில் அந்தப் பயம் கடைசியில் அவனுக்கே ஒட்டிக்கொண்டது.

குண்டசாலையில் அவன் வாடகைக்கு இருந்த அறைக்குக் குடியிருப்பாளர் பட்டியல் கொடுக்கச் சொன்னார்கள். அதில் பதினாறாவது கேள்வி: ‘வெளியார் வந்துபோகும் வேறு இடம் ஏதும் உமது பொறுப்பில் உண்டா? இருப்பின் விபரம்.’ லெட்சுமணன் யோசித்துப் பார்த்தான். உண்டு என்றுதான் அவனுக்குப் பட்டது. தன் சொந்த இணையத்தளத்தின் பெயரை, மூன்று டபிள்யூவும் புள்ளிகளுமாக, குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கையொப்பமும் வைத்தான்.

அந்தத் தளத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கீபோர்ட் வாசிக்கிறவன் அவன். சொந்தமாக மெட்டமைத்த ஏழு பாட்டுகளை அதில் போட்டிருந்தான். கேட்டவர்கள் நாலு வரி எழுதிவிட்டுப் போக ஒரு பக்கம். அடியில், இதுவரை எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஓர் எண். அந்த எண் ஒன்று கூடினால் அவனுக்கு அன்றைக்குச் சோறு தொண்டைக்குள் சுலபமாக இறங்கும். எல்லாக் கலைஞர்களுக்கும் உள்ள வியாதிதான்.

இரண்டு கிழமை கழித்து, வதிவிடத் தகவல் ஒருங்கிணைப்புக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. அப்படி ஒரு காரியாலயம் எந்த அமைச்சின் கீழ் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே எல்லோரும் அதற்குப் பயந்தார்கள். குண்டசாலையிலேயே, ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்த கட்டடம் அது. வாசலில் ஒரு கதிரை வரிசை, உள்ளே ஒரு பெரிய மேசை, மேசைக்குப் பின்னால் பூட்டிய ஒரு கதவு. கதவில் ‘மேலதிக விளக்க அறை’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. கதவடியில் ஒரு சோடி ரப்பர் செருப்பு கிடந்தது. லெட்சுமணன் அங்கே போன முதல் நாளிலும் அது கிடந்தது, நாலாவது நாளிலும் கிடந்தது. விளக்கம் சொல்லப் போனவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான் போல.

மேசையில் இருந்தவர் வெலகெதர; எல்லோருக்கும் மாத்தயா, அதாவது ஐயா. எதற்கும் கோபப்படாத மனிதர். எதிரில் இருப்பவரைப் பயமுறுத்தியதே அந்தக் கோபமின்மைதான். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பரமநாதன், யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. லெட்சுமணன் கலஹா தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். ஆனாலும் தமிழர் ஒருவரை மொழிபெயர்ப்பு இல்லாமல் விசாரித்தால் பதிவு செல்லாது என்பது விதி. ஆகவே மாத்தயா சிங்களத்தில் கேட்பார், லெட்சுமணனுக்கு விளங்கிவிடும், பரமநாதன் தமிழில் சொல்லி முடிக்கும்வரை விளங்காத முகத்தோடு இருப்பான்.

“இந்த இடம் எங்கே இருக்கிறது?”

“டெக்சாஸ்லங்க. அமெரிக்கா. அங்க ஒரு கம்பனி கம்ப்யூட்டர்ல இடம் வாடகைக்கு எடுத்திருக்கேன்.”

“ஆக, குண்டசாலையில் இருந்துகொண்டு அமெரிக்காவில் ஓர் இடம் வைத்திருக்கிறீர். அங்கே வெளியார் வருகிறார்கள். இதை நீர் யாருக்கும் அறிவிக்கவில்லை.”

“அதாங்க படிவத்துல எழுதிக் குடுத்தேன்.”

“நீர் எழுதிக் கொடுத்த பிறகுதானே எங்களுக்குத் தெரிந்தது? அதுவரை மறைத்துத்தான் வைத்திருக்கிறீர்.”

பரமநாதன் இதை ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னார்.

“அது வீடு இல்லீங்களே மாத்தயா. அதுக்குள்ள ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

“எங்களிடம் இருப்பது ஒரே ஒரு படிவம்,” என்றார் வெலகெதர, பெருமையோடு. “வீட்டுக்கும் அதுதான், கடைக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். போன மாதம் அதே படிவத்தில் ஒரு கிணற்றைப் பதிவு செய்தோம். கிணறு ஒத்துழைத்தது. நீர் ஏன் ஒத்துழைக்கக் கூடாது?”

அவனுடைய தேசிய அடையாள அட்டையை வாங்கி, அவன் எழுதிய படிவத்தோடு வைத்துக் குண்டூசி குத்தினார். பதிவு முடிந்ததும் திரும்பத் தரப்படும். அதுவரைக்கும் ஒரு துண்டுச் சீட்டு. அதில், ‘இன்னாரின் அடையாள அட்டை எம்மிடம் உள்ளது. இத்துண்டு ஆளடையாளத்துக்குச் செல்லுபடியாகாது’ என்றிருந்தது.

அன்று மாலை கண்டியில் ஒரு கல்யாண வரவேற்பில் அவன் வாசிக்க வேண்டும். மகாவலியைத் தாண்ட வேண்டும், பாலத்தடியில் காவலரண். பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். துண்டை வாங்கிய சிப்பாய்க்கு இருபது வயதுகூட இருக்காது.

“செல்லுபடியாகாது என்று இதிலேயே இருக்கிறதே.”

“அட்டை அவங்ககிட்ட இருக்குன்னும் அதுலயே இருக்குங்க.”

“அது லெட்சுமணன் என்பவனின் அட்டை. நீதான் லெட்சுமணன் என்பதற்கு என்ன சாட்சி?”

“அந்த அட்டைதாங்க.”

சிப்பாய் அவனை ஒரு பக்கமாகப் பலகையில் உட்காரவைத்தான். கீபோர்டை வெளியே எடுத்து ஒவ்வொரு கட்டையையும் பிரம்பால் தட்டிப் பார்த்தான். மின்சாரம் இல்லாததால் அது சத்தம் போடவில்லை. சத்தம் போடாதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது. பஸ் போய்விட்டது. பலகையில் ஏற்கெனவே இரண்டு பேர் தலையைக் குனிந்தபடி இருந்தார்கள். ஒரு ஜீப் வந்து அதில் ஒருவரை ஏற்றிக்கொண்டு போனது. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, வந்த பக்கமே திரும்பிப் போகச் சொல்லி லெட்சுமணனை விட்டார்கள்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவனுக்கு இருந்தது ஓர் அறையும் ஒரு கணினியும். மற்ற எல்லாமே அந்தப் பக்கம். வாத்தியக் குழு கண்டியில், அம்மா பேச்சியம்மா கலஹாவில். கெலிஓயாவில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற பரிமளத்தை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தது. தை மாதம் கலஹா கோயிலில் முகூர்த்தம். தைக்கு நாலு மாதம் இருந்தது. அட்டை இல்லாவிட்டால் மாப்பிள்ளை இல்லாமல்தான் கல்யாணம்.

ஆகவே கேட்ட கடிதம் எல்லாவற்றையும் ஓடி ஓடிச் சேர்த்தான். முதலில் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதக் கடிதம். டெக்சாஸ் கம்பனிக்கு மின்னஞ்சல் அனுப்பினான். பதிலுக்கு ஓர் இயந்திரம், உங்கள் முறைப்பாடு பெறப்பட்டது என்று சொல்லி ஒன்பது இலக்க எண் ஒன்றை அனுப்பியது. வெலகெதர அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கையொப்பம் இல்லை. ஆனால் இலக்கம் இருக்கிறது. இலக்கம் கொடுக்கத் தெரிந்தவர்கள் பொறுப்பானவர்கள்,” என்று ஏற்றுக்கொண்டார். கிராம சேவகரோ டெக்சாசில் உள்ள இடத்தைத் தாம் ஐந்து வருடமாக அறிவேன் என்றும் அயலாரோடு அதற்குத் தகராறு எதுவும் இல்லை என்றும் எழுதி முத்திரை குத்தினார். அவருக்கு எழுதிப் பழகிய வாசகம் அது ஒன்றுதான்.

அடுத்து நேரடிப் பரிசோதனை. அளவுநாடாவோடு இரண்டு உத்தியோகத்தர்கள் அறைக்கு வந்தார்கள். லெட்சுமணன் தொலைபேசிக் கம்பியைச் சொருகி இணைப்பை எடுத்தான். மோடம் வழக்கம்போல் கிறீச்சிட்டுக் கத்தத் தொடங்கியதும் ஒருவரின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது.

“உள்ளே யாரை அடிக்கிறார்கள்?”

“யாரையும் இல்லீங்க மாத்தயா. லைன் கிடைக்கிற சத்தம்.”

கை இடுப்பை விட்டு இறங்க வெகு நேரம் எடுத்தது. பக்கம் திறக்க ஏழு நிமிடம் ஆனது. இருவரும் திரையை நாடாவால் அளந்து, ‘நீளம் பதினொன்றரை அங்குலம், கதவு ஒன்று, யன்னல் நான்கு. படுக்கை வசதி காணப்படவில்லை. வருவோர் எங்கே உறங்குகிறார்கள் என்பது மேலதிக விளக்கத்துக்குரியது’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். லெட்சுமணனுக்கு அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் செருப்புச் சோடி கண்ணுக்குள் வந்து நின்றது.

அடுத்த கிழமை வருகையாளர் பட்டியல் கேட்டார்கள். அடியில் இருந்த எண் அப்போது நாலாயிரத்து நூற்றுப் பதினேழு. தளத்துக்கு வந்துபோன கணினிகளின் எண்களை எல்லாம் அச்சடித்து, நூற்று முப்பத்தெட்டுப் பக்கத்தில் கட்டிக்கொண்டு போய் வைத்தான். பரமநாதன் ஒவ்வோர் எண்ணையும் புள்ளி புள்ளியாக வாசித்து மொழிபெயர்த்தார். மதியம்வரை வாசித்தார். பிறகு வெலகெதர கையைத் தூக்கினார்.

“இந்த ஓர் எண் தினமும் வருகிறது. சில நாட்களில் நாலு தரம். உமக்கு நெருங்கியவரா?”

“அது ஆள் இல்லீங்க. தேடுற மெஷின். உலகத்துல இருக்கிற எல்லாப் பக்கத்தையும் போய்ப் பார்த்து, எது எங்க இருக்குன்னு எழுதி வச்சுக்கும்.”

“எல்லாவற்றையுமா?”

“ஆமாங்க.”

“யாரிடமும் அனுமதி கேட்காமல்?”

“கேக்காதுங்க.”

வெலகெதர பேனாவை மூடி வைத்தார். “அதில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? ஆள் எடுக்கிறார்களா?” என்று மெல்லக் கேட்டார். அது உத்தியோகபூர்வக் கேள்வி அல்ல என்பதால் பரமநாதன் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு விளையாட்டு நின்றுவிட்டது. பாட்டுக் கேட்டவர்கள் எழுதிவிட்டுப் போன பக்கத்தை எடுத்தார்கள். அதில் பதினொரு பெயர்கள், ஊர்களோடு. ஹற்றனிலிருந்து ஒருவர், மட்டக்களப்பிலிருந்து இருவர், கனடாவிலிருந்து சிலர். வவுனியாவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘அண்ணா, மூன்றாவது பாட்டை அம்மா திரும்பத் திரும்பப் போடச் சொல்லுறா.’

“மூன்றாவது பாட்டு என்றால் என்ன?” என்று கேட்டார் வெலகெதர. “திரும்பத் திரும்ப என்றால் எத்தனை தரம்? அந்த அம்மாவின் பெயர் என்ன? இந்தப் பதினொரு பேரின் முழு விலாசமும் வேண்டும்.”

“எனக்குத் தெரியாதுங்க. இவங்க யாரையும் நான் பார்த்தது கூட இல்ல.”

“உமது இடத்துக்கு வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். உமக்குத் தெரியாதா? சரி, உள்ளே போய் ஆறுதலாக யோசியும்.” பூட்டிய கதவைப் பார்த்துத் தலையை அசைத்தார். கோபம் இல்லை.

லெட்சுமணனுக்கு எப்படியாவது பேச்சை மாற்ற வேண்டும். மூலையில் காரியாலயத்தின் கணினி பிளாஸ்டிக் உறை போட்டு, காய்ந்த பூமாலையோடு இருந்தது. அதைத் திறக்கச் சொல்லி, தான் கொண்டுவந்த இறுவட்டைப் போட்டு, வருகையாளர் அட்டவணையை விரித்தான். “பாருங்க மாத்தயா, முக்கால்வாசிப் பேர் வெளிநாடு,” என்று காட்டுவதற்காக, நாடு என்ற தலைப்பை ஒரு தரம் அழுத்தினான். நாலாயிரத்துச் சொச்ச வரியும் கண்ணிமைக்கும் நேரத்தில் நாடு நாடாகப் பிரிந்து வரிசையில் நின்றது.

வெலகெதர கதிரையை விட்டு எழுந்தார். அவர் எழுந்ததைப் பரமநாதன் அதுவரை பார்த்ததே இல்லை.

“இன்னொரு தரம்.”

லெட்சுமணன் அழுத்தினான். காட்டக் கூடாததைக் காட்டிவிட்டோம் என்று பட்டது; அழுத்திய கையை வெட்டிப் போடலாம்போல் இருந்தது அவனுக்கு. ஆனால் அழுத்தியாகிவிட்டது.

மாத்தயா அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். புழு வளர்த்த நீளமான கொட்டகை. முகடு தொட, படிவங்கள் அடைத்த சணல் சாக்குகள். இருநூறுக்கு மேல் இருக்கும். “பதினோராயிரம் குடும்பம்,” என்றார். “மூன்று வருட உழைப்பு. ஒரு குடும்பமும் தப்பவில்லை. ஆனால் ஒரு பெயரைத் தேடி எடுக்கச் சொன்னால் எங்களால் முடியவில்லை. இதுவரை ஒன்றைக்கூட எடுத்ததில்லை. மேலிடத்தில் கேட்டால், பதிவுப் பணி தொடர்கிறது என்று எழுதுகிறோம். நீர் இதைக் கணினியில் ஏற்றித் தாரும். ஊர் ஊராக, தெருத் தெருவாக, ஒரு பொத்தானில். அந்தப் பதினொரு பேரை மறந்துவிடுகிறேன். வேலை முடிந்த அன்று உமது அட்டை உமது கையில்.”

லெட்சுமணன் முகம் கழுவக் குழாயடிக்குப் போனான். பரமநாதன் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தார்.

“தம்பி, எண்பத்து மூண்டிலை நான் வேற ஊரிலை ஒரு கந்தோரிலை டைப்பிஸ்ட். வாக்காளர் இடாப்பு அடிக்கிறது என்ர வேலை. ஒரு பிழை விடமாட்டன். நல்ல பேர் எனக்கு.” குழாயைப் பூட்டாமலே பேசினார். “ஆடி மாசக் கலவரத்திலை எங்கட ஒழுங்கைக்கு அடிக்க வந்தவங்கட கையிலை ஒரு பட்டியல் இருந்தது. நான் மதிலுக்குப் பின்னாலை ஒளிச்சிருந்து பாத்தனான். நான் அடிக்கிற மெசினிலை ஒரு எழுத்து எப்பவும் கொஞ்சம் மேலை ஏறித்தான் விழும். தூரத்திலையே தெரிஞ்சுது.”

“இப்ப நான் என்ன செய்யணுங்கிறீங்க ஐயா?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் மொழிபெயர்ப்பாளன். சொந்தமாச் சொல்லுறதுக்கு எனக்கு அதிகாரம் இல்லை.” கைலேஞ்சியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இருநூறு சாக்கையும் ஒருவராலும் தேட முடியாமல் இருந்ததுதான் இத்தனை நாளும் எல்லோரையும் காப்பாற்றியது என்று லெட்சுமணனுக்கு அப்போதுதான் உறைத்தது. கலஹாவில் அம்மாவின் பெயர் அதற்குள் இருக்கிறது. கெலிஓயாவில் பரிமளத்தின் பெயர் இருக்கிறது. இனி ஒரு பொத்தான்.

மாட்டேன் என்று சொல்ல அவன் வீரன் அல்ல. ஒரு கிழமையில் செய்து கொடுத்தான். மூன்று தட்டெழுத்தாளர்கள் சாக்கைப் பிரித்துப் பெயர்களை அடித்தார்கள். ஒவ்வொரு தரமும் பச்சை எழுத்தில் ‘பதிவு செய்யப்பட்டது, நன்றி’ என்று வந்தது. ஆனால் எதுவும் எங்கும் பதிவாகவில்லை. வாசலை மட்டும் கட்டிவிட்டு, பின்னால் வீட்டைக் கட்டாமல் விட்டிருந்தான். தேடும் பொத்தானுக்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை. தேடுகிறது என்று காட்ட ஒரு நீலப் பட்டை மட்டும். அது ஒன்றிலிருந்து தொண்ணூற்றேழு சதவீதம்வரை மெதுவாக வளரும், அங்கேயே நிற்கும். நூறு வரை விட அவனுக்குத் துணிவு வரவில்லை. நூறு வந்தால் ஏதாவது காட்ட வேண்டுமே.

ஒவ்வொரு நாளும் பயந்து பயந்துதான் அங்கே போனான். தட்டெழுத்தாளரில் ஒருவர், ‘நேற்று அடித்ததை ஒருக்கால் காட்டும்’ என்று கேட்டால் கதை முடிந்தது. யாரும் கேட்கவில்லை. அடித்ததைத் திரும்பப் பார்க்கும் பழக்கம் அந்தக் காரியாலயத்தில் இல்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. ஏழு பேர் கொண்ட குழு அமைத்து, பக்கத்தின் பின்னணி நிறம் பற்றி மூன்று அமர்வு பேசினார்கள். நீலம் கடற்படையைக் குறிக்கும், பச்சை இராணுவத்தைக் குறிக்கும், இரண்டையும் கலந்தால் யாருக்கு மரியாதை செய்வது? கடைசியில் நிறமே வேண்டாம் என்று தீர்மானித்து, அந்த நிறமின்மைக்கு ஒரு மாதிரி கேட்டார்கள்.

அவன் இசைக்காரன் என்பது நினைவுக்கு வந்ததும் வெலகெதர காரியாலய கீதம் ஒன்று எழுதிவிட்டார். பரமநாதன் அதைத் தமிழாக்கினார்:

‘வந்தவர் யாரோ போனவர் யாரோ நாமறிவோம் நாமறிவோம்,
நின்றவர் யாரோ நினைத்தவர் யாரோ நாமறிவோம் நாமறிவோம்.’

பக்கம் திறந்தாலும், தேடினாலும், பட்டை நிறையும்வரை இது ஒலிக்க வேண்டும், ஒலிக்கும்வரை அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. லெட்சுமணன் மெட்டமைத்தான். மெட்டு நன்றாக வந்துவிட்டது. அவன் வாழ்க்கையில் போட்ட மெட்டுகளிலேயே வாயில் சட்டென்று ஒட்டுவது அதுதான். அன்றைக்கு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மார்கழி நடுவில் திறப்பு விழா. மாகாண மட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். விளக்கேற்றி, பாற்சோறு வைத்து, கணினிக்குப் புதுமாலை போட்டார்கள். சாக்குகள் எல்லாவற்றுக்கும் வாய் தைத்து, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பெரியவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“ஒரு தமிழ்ப் பெயர் சொல்லுங்கள், தேடிப் பார்ப்போம்.”

“பரமநாதன், ஒரு பெயர் சொல்லும்,” என்றார் வெலகெதர.

பரமநாதன் பழக்கதோஷத்தில் அதைத் தமிழில் தமக்கே ஒரு தரம் மொழிபெயர்த்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். பிறகு, “பரமநாதன்,” என்றார்.

பெரியவர் அழுத்தினார். கீதம் எழுந்தது, எல்லோரும் எழுந்தார்கள். பட்டை பத்து, முப்பது, எழுபது என்று வளர்ந்தது. தொண்ணூற்றேழில் நின்றது. கீதம் முடிந்து மறுபடி தொடங்கியது. நாலாவது தரம் ‘நாமறிவோம்’ வந்தபோது லெட்சுமணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பரமநாதன் கண்ணை மூடியிருந்தார். பெரியவர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பதினோராவது நிமிடத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“ஒரே ஒரு பெயரைத் தேட இத்தனை நேரம் என்றால் உள்ளே எவ்வளவு தகவல் இருக்க வேண்டும்! அவசரப்பட்டுப் பதில் சொல்லும் இயந்திரங்களை நான் நம்புவதில்லை. என் மேசைக்கு ஒரு கோப்பு பதினாலு வருடமாக வந்துகொண்டிருக்கிறது. வந்து சேர்ந்துவிட்டால் நான் முடிவெடுக்க வேண்டி வரும். வந்துகொண்டிருப்பதில்தான் நிர்வாகம் இருக்கிறது. இந்த இயந்திரம் நிர்வாகத்தை விளங்கிக்கொண்ட இயந்திரம்.”

பலத்த கைதட்டு. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். லெட்சுமணன் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். பிழைத்துவிட்டோம் என்று முதன்முறையாகத் தோன்றியது. வெலகெதரவிடம் போய், “மாத்தயா, என் அட்டை,” என்றான்.

“உடனே தருகிறேன். வாக்குத் தவற மாட்டேன்.” அவர் முகத்தில் உண்மையான சந்தோஷம். “அது உமது படிவத்தோடு குத்தி சாக்கில் இருக்கிறது. சாக்குகளுக்கு முத்திரை வைத்துவிட்டோம். கணினி சாக்கு இலக்கத்தைச் சொன்னால் மட்டுமே உடைக்கலாம் என்பது இன்று முதல் விதி. எல்லாம் அதற்குள் ஏற்றியாகிவிட்டதே. உமது பெயரைத் தட்டும்.”

லெட்சுமணன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். சரிசெய்ய அரை மணி நேரம் போதும். ஏதோ பழுது, பெயர்களைத் திரும்ப அடிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால், மூன்று தட்டெழுத்தாளர்களும் மறுபடி உட்காருவார்கள். தை பிறக்குமுன் பதினோராயிரம் குடும்பமும் உண்மையாகவே உள்ளே வந்துவிடும். அவற்றுக்கு நடுவில் எங்கோ அவனுடைய அட்டையும் வரும். ஆற்றைத் தாண்டலாம், மணவறையில் உட்காரலாம்.

சின்னமுத்து லெட்சுமணன் என்று தன் பெயரை அடித்தான். தேடு என்பதை அழுத்தினான். கீதம் தொடங்கியது. வெலகெதர விறைப்பாக எழுந்து நின்றார். லெட்சுமணனும் எழுந்து நின்றான்.

மறுநாள் பரிமளம் தொலைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்டது.

“அட்டை கிடைச்சிருச்சாங்க?”

“தேடிக்கிட்டு இருக்காங்க.”

“எவ்வளவு தேடிட்டாங்க? ஏதும் சொன்னாங்களா?”

அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் தொலைபேசியில் யார் யார் கேட்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியும்?

“தொண்ணூத்தேழு சதவீதம்.”

“தொண்ணூத்தேழா!” அவள் சிரித்தது காதுக்குள் கூசியது. “அப்ப மூணுதானே பாக்கி. தைக்குள்ள வந்துரும். நான் இன்னைக்கே பத்திரிகை அடிக்கக் குடுத்துரட்டுமா?”

லெட்சுமணன் செல்லுபடியாகாத அந்தத் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தான்.

“குடுத்துரு,” என்றான்.